ஹோ சி மின்

ஹோ சி மின் (மே 19, 1890 – செப்டம்பர் 2, 1969) வியட்நாமிய விடுதலைப் போராட்டத் தலைவரும் பொதுவுடைமைப் புரட்சியாளரும் ஆவார். 1945 இல் வியட்நாம் சனநாயகக் குடியரசை நிறுவி, அதன் முதல் குடியரசுத் தலைவராக இறக்கும்வரை பதவி வகித்தார். 1955 வரை அதன் பிரதமராகவும் இருந்தார். பிரான்சின் குடியேற்ற ஆட்சியை எதிர்த்து இவர் தலைமையில் எழுந்த போராட்டம் 1946 இல் முழுப் போராக வெடித்தது. 1954 இல் பிரான்சு வெளியேறிய பின்னரும் அது ஓயவில்லை. பனிப்போரின் ஒரு களமாக மாறி, ஐக்கிய அமெரிக்கா நேரடியாக ஈடுபட்ட போராக வளர்ந்து, ஹோ சி மின் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1975 இலேயே முடிவுற்றது. இவர் வாழ்க்கையில் பல கட்டங்களில் அமெரிக்காவின் ஆதரவை நாடினார் என்பதும், பின்னர் அந்நாட்டையே எதிர்த்துப் போரிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

பெயர்கள்

இவருடைய இயற்பெயர் நியுவென் சின் குங். பத்து வயதளவில், வழக்கப்படி, நியுவென் தாத் தான் என்ற பெயர் சூட்டப்பட்டது. தலைமறைவு வாழ்க்கையில் பல புனைபெயர்களைப் பயன்படுத்தினார். அவற்றுள் புகழ்பெற்றது நாட்டுப்பற்றாளர் என்னும் பொருள்படும் நியுவென் ஐ குவாக் என்பதாகும். ஹோ சி மின் என்ற பெயரை 1940களின் தொடக்கத்தில் ஏற்றார். வியட்நாமியர் இவரைப் பாக் ஹோ என்று அழைக்கின்றனர். ஆங்கில வழக்கைப் பின்பற்றி இதனை ஹோ மாமா என மொழிபெயர்ப்பது உண்டு. ஆனால், பாக் என்பது தந்தையின் அண்ணனைக் குறிக்கும் உறவுமுறைச் சொல்லாதலால், பெரியப்பா என்பதே நெருங்கிய தமிழ்ச் சொல்லாகும்.

பிறப்பும் இளமையும்

வியட்நாமின் நடுப்பகுதியிலுள்ள நிகே ஆன் மாகாணத்தில், தாயின் ஊரில் இவர் பிறந்தார். இவர் தாமே வெவ்வேறு பிறந்த ஆண்டுகளைக் கொடுத்துள்ளார். எனினும் மே 19, 1890 என்பதே அதிகாரபூர்வமான நாளாக ஏற்கப்பட்டுள்ளது. தந்தை நியுவென் சின் சாக் கன்பூசியக் கல்வியில் உயர் தேர்வில் வென்றவர். சிறிது காலம் அரசு அதிகாரியாகப் பணிபுரிந்து பதவி இழந்தவர். தாய் ஹோவாங் தி லோவான் 1901 இல் இவர் சிறுவனாக இருந்தபோதே இறந்தார்.

அக்காலத்தில் வியட்நாம் முழுவதும் பிரான்சின் பிடியில் இருந்தது. தெற்கிலிருந்த கொச்சின்சீனா நேரடிக் குடியேற்ற நாடாகவும், நடுப்பகுதியான அன்னாமும் வடபகுதியான தொங்கினும் காப்பு நாடுகளாகவும் ஆளப்பட்டன. கம்போடியாவுடன் இவை 1887 இல் இந்தோசீன ஒன்றியமாக இணைக்கப்பட்டன. லாவோசு 1893 இல் சேர்க்கப்பட்டது. உப்பு, சாராயம், அபினி ஆகியவற்றின் வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. வரிச்சுமையும் கட்டாய உழைப்பும் உழவர்களை வாட்டின. 1908 இல் ஹுவே நகரில் வரிகளுக்கு எதிராக நடந்த உழவர் போராட்டத்தில், அப்போது அங்கு மாணவராயிருந்த தாத் தானும் பங்கேற்றார். பின்னர் பான் தியத் என்னும் கடற்கரை ஊரில் சில மாதங்கள் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

வெளிநாடுகளில் முப்பது ஆண்டுகள்

1911 சூன் மாதத்தில், சைகோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் சமையல் உதவியாளராகச் சேர்ந்து நாட்டை விட்டு வெளியேறினார். ஆப்பிரிக்கத் துறைமுகங்கள், ஐக்கிய அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய இடங்களைக் கண்டபின் பாரிசில் தங்கினார். அங்கு ஒளிப்படங்களைத் திருத்தி மெருகேற்றும் தொழில் செய்து பிழைத்தார்.

1919 இல் முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமைதி மாநாடு பாரிசில் கூடியது. மக்களினங்களின் தன்னாட்சி உரிமை பற்றி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பேசிவந்தது குடியேற்ற நாடுகளில் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியிருந்தது. வியட்நாமியர் குழு ஒன்று எட்டுக் கோரிக்கைகள் கொண்ட மனுவை மாநாட்டு நாடுகளுக்கு அனுப்பியது. அதில் நியுவென் ஐ குவாக் என்ற கையொப்பம் இருந்தது. முழு விடுதலையை அம்மனு கேட்கவில்லை. பேச்சுரிமை, எழுத்துரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வியட்நாமியர் சார்பாளர்கள் போன்றவற்றையே கேட்டது. மாநாடு அதனைக் கருத்தில் கொள்ளவில்லை.

1920 இல், குடியேற்ற நாடுகள் பற்றி லெனின் எழுதிய கருத்துரைகளைப் படித்து அவற்றால் ஈர்க்கப்பட்டார். அதே ஆண்டில் பொதுவுடைமை அனைத்துலகத்தின் இரண்டாம் மாநாட்டில், இந்தப் பொருள் பற்றிய துணைக் கருத்துரைகளை முன்வைத்தவர் இந்தியரான எம். என். ராய் ஆவார். 1920 திசம்பரில் தூர் நகர மாநாட்டில் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சி உருவானபோது ஐ குவாக் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். ஐரோப்பியக் கட்சிகளுள் பொதுவுடைமையர் மட்டுமே குடியேற்ற நாடுகளின் விடுதலையைத் தமது திட்டமாக ஏற்றிருந்தனர் என்பதே இம்முடிவுக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1923 இல் மாஸ்கோ சென்றார். 1924 இறுதியில் தென்சீனத்தின் குவாங்சௌ நகருக்கு வந்து, அங்கிருந்த வியட்நாமிய இளைஞர்களைக் கொண்டு 1925 இல் புரட்சி இளைஞர் கழகத்தைத் தோற்றுவித்தார். 1930 பெப்ரவரியில் ஹாங்காங்கில் மூன்று குழுக்களை இணைத்து வியட்நாம் பொதுவுடைமைக் கட்சியை நிறுவினார். அதே ஆண்டில் அது இந்தோசீனப் பொதுவுடைமைக் கட்சி எனப் பெயர் மாறியது. 1931 இல் ஹாங்காங்கில் பிரித்தானியக் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டார். பிரெஞ்சு அரசிடம் ஒப்படைக்கப்படாமல் தடுக்க வழக்கறிஞர் பிராங்க் லோசுபி பெரிதும் உதவினார். 1933 இல் விடுதலையான பின் சில ஆண்டுகளை மாஸ்கோவில் கழித்தார்.

வியட் மின்னும் 1945 விடுதலை அறிவிப்பும்

இரண்டாம் உலகப் போரில் பிரான்சு செருமனியிடம் வீழ்ந்ததும், சப்பானியப் படைகள் இந்தோசீனாவினுள் நுழைந்தன. எனினும் பிரெஞ்சு நிருவாகம் அவர்களுக்கு அடங்கித் தொடர்ந்தது. 1941 தொடக்கத்தில் ஹோ சி மின் சீன எல்லையை ஒட்டிய பாக் போ என்னுமிடத்தில் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தாய்மண்ணை மிதித்தார். அவ்வாண்டு மே மாதம், பல தரப்பினரும் சேரக்கூடிய விடுதலை முன்னணியாக வியட் மின் அமைக்கப்பட்டது. 1942 இல் சீனா சென்றபோது சியாங் கை செக் அரசால் கைது செய்யப்பட்டு ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். அங்கு செவ்வியல் சீனத்தில் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் சிறைக் குறிப்பேடு என்ற பெயரில் பின்னர் வெளியாயின.

1944–45 இல் வடவியட்நாமில் கொடும் பஞ்சம் ஏற்பட்டுப் பல இலட்சம் மக்கள் மாண்டனர். நெல் கிடங்குகளைத் திறந்து மக்களுக்கு வழங்கியதால் வியட் மின்னின் செல்வாக்கு ஊர்தோறும் பரவியது. இதே காலத்தில், சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான அமெரிக்க உளவு அமைப்பு, சப்பானியரைப் பற்றிய செய்திகளுக்காகவும் வீழ்ந்த வானூர்தி ஓட்டிகளை மீட்கவும் வியட் மின்னுடன் ஒத்துழைத்தது. 1945 சூலையில் வான்குடையில் வந்திறங்கிய ஒரு சிறு அமெரிக்கக் குழு வியட் மின் வீரர்களுக்குப் பயிற்சி அளித்தது. கடும் காய்ச்சலில் இருந்த ஹோ சி மின்னுக்கு மருத்துவமும் செய்தது.

ஆகத்து 1945 இல் சப்பான் சரணடைந்தவுடன் வியட் மின் ஹனோயைக் கைப்பற்றியது. பேரரசர் பாவோ தாய் முடிதுறந்தார். செப்டம்பர் 2, 1945 அன்று ஹனோயின் பா தின் திடலில் ஹோ சி மின் விடுதலை அறிவிப்பைப் படித்தார். 1776 ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலை அறிவிப்பைச் சுட்டியே அவ்வுரை தொடங்கியது.

சைகோனில் இந்தியப் படைகள்

சரணடைந்த சப்பானியரின் ஆயுதங்களைக் களைவதற்காக, நேச நாடுகள் வியட்நாமை 16 ஆவது வடக்கு அகலக்கோட்டில் இரண்டாகப் பிரித்தன. வடக்கே சீனப் படைகளும், தெற்கே பிரித்தானியப் படைகளும் நுழைந்தன. தெற்கே வந்தது தளபதி டக்ளசு கிரேசி தலைமையிலான 20 ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு ஆகும். செப்டம்பர் 23, 1945 அன்று, கிரேசியின் ஒப்புதலுடன் பிரெஞ்சுக்காரர் சைகோனின் ஆட்சிக் கட்டடங்களைக் கைப்பற்றினர். தொடர்ந்த மோதல்களில், சரணடைந்த சப்பானிய வீரர்களும் வியட் மின்னுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டனர். ஒரு குடியேற்ற நாட்டின் வீரர்களைக் கொண்டு மற்றொரு குடியேற்ற நாட்டை அடக்குவதைச் சவகர்லால் நேருவும் காங்கிரசும் வன்மையாகக் கண்டித்தனர். 1946 தொடக்கத்தில் இந்தியப் படைகள் படிப்படியாக வெளியேறின.

சைகோனுடன் தமிழருக்கு இதற்கு முன்பே தொடர்பு இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் கொச்சின்சீனாவின் பிரெஞ்சு நிருவாகத்தில் பணிபுரிந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழில் செய்தனர். சைகோனிலுள்ள மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் அக்காலத்தின் எச்சங்களாகும்.

பிரான்சுடன் போர் (1946–1954)

ஹோ சி மின் முதலில் உடன்பாட்டையே நாடினார். மார்ச் 6, 1946 உடன்பாட்டின்படி, பிரெஞ்சு ஒன்றியத்துக்குட்பட்ட சுதந்திர நாடாக வியட்நாமைப் பிரான்சு ஏற்றது. பதிலுக்கு 15,000 பிரெஞ்சு வீரர்கள் வடக்கே வர ஹோ சி மின் இசைந்தார். சீனப் படைகளை வெளியேற்ற வேறு வழியில்லை என்பது அவர் கணிப்பு. பின்னர் பேச்சுவார்த்தைக்காகப் பிரான்சு சென்று பல மாதங்கள் தங்கினார். ஆனால் கொச்சின்சீனாவைத் தனிக் குடியரசாகப் பிரெஞ்சு ஆணையர் அறிவித்துவிட்டதால் பேச்சு முறிந்தது. நவம்பர் 1946 இல் பிரெஞ்சுக் கடற்படை ஹைபோங் துறைமுக நகரைக் குண்டுவீசித் தாக்கியது. திசம்பர் 19 அன்று ஹனோயில் முழுப் போர் மூண்டது.

இக்காலத்தில் வியட் மின் தன் உள்நாட்டுப் போட்டியாளர்களைக் கடுமையாக ஒடுக்கியது. பிற தேசியக் கட்சியினரும் திரொட்ஸ்கியவாதிகளும் கொல்லப்பட்டனர்.

விடுதலைப் போர் பனிப்போரானது

1945 அக்டோபருக்கும் 1946 பெப்ரவரிக்கும் இடையில் ஹோ சி மின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கும் வெளியுறவுச் செயலருக்கும் குறைந்தது எட்டு மடல்களும் தந்திகளும் அனுப்பினார் என, 1971 இல் வெளியான பென்டகன் ஆவணங்கள் தெரிவிக்கின்றன. பிலிப்பைன்சுக்கு அளிக்கப்படவிருந்த விடுதலையைப் போன்றதையே தாம் நாடுவதாக அவற்றில் எழுதியிருந்தார். எதற்கும் விடை வரவில்லை.

இதற்கு ஐரோப்பிய நிலைமையே பெருங்காரணம். சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக மேற்கு ஐரோப்பாவை அணிதிரட்ட அமெரிக்காவுக்குப் பிரான்சு தேவைப்பட்டது. எனவே பிரான்சின் குடியேற்ற ஆட்சியை விரும்பாவிட்டாலும் அதனை எதிர்க்க வாசிங்டன் முன்வரவில்லை. 1949 வரை இது பெரும்பாலும் பிரான்சுக்கும் வியட் மின்னுக்கும் இடையிலான போராகவே இருந்தது.

அக்டோபர் 1949 இல் சீனாவில் பொதுவுடைமையர் வென்றதும் நிலைமை மாறியது. சனவரி 1950 இல் சீனாவும் சோவியத் ஒன்றியமும் ஹோ சி மின் அரசை ஏற்றன. சீன எல்லை வழியாக ஆயுதங்கள் வரத் தொடங்கின. பெப்ரவரியில் அமெரிக்கா, பிரான்சின் அரவணைப்பில் அமைந்த பாவோ தாய் அரசை ஏற்றது. மே மாதத்தில் படைத்துறை உதவிக்கு ஒப்புதல் அளித்தது. சூன் மாதத்தில் கொரியப் போர் வெடித்ததும், வியட்நாமும் கொரியாவும் ஒரே பொதுவுடைமைப் படர்ச்சியின் இரு முனைகளாக வாசிங்டனில் கருதப்பட்டன. ஒரு நாடு வீழ்ந்தால் அடுத்தடுத்த நாடுகளும் வீழும் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. 1954 அளவில் பிரான்சின் போர்ச் செலவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அமெரிக்காவே ஏற்றிருந்தது. அமெரிக்க வீரர்கள் போரிடத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, அது பெருமளவு அமெரிக்கப் பணத்தில் நடந்த போராகிவிட்டது.

மே 7, 1954 அன்று டியன் பியன் பூ கோட்டை தளபதி வோ நியுவென் கியாப்பின் படைகளிடம் வீழ்ந்தது. பீரங்கிகளைப் பிரித்து மலைகளின் மேல் மனித உழைப்பால் ஏற்றி, கோட்டையைச் சூழ்ந்த உயரங்களிலிருந்து சுட்டதே வெற்றிக்கு வழிவகுத்தது.

செனீவா உடன்பாடும் இந்தியாவும்

சூலை 1954 இல் செனீவாவில் ஏற்பட்ட உடன்பாடு வியட்நாமை 17 ஆவது அகலக்கோட்டில் தற்காலிகமாகப் பிரித்தது. சூலை 1956 இல் நாடு முழுவதும் தேர்தல் நடத்தி ஒன்றிணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்கா இதில் இணையவில்லை. தென்வியட்நாமின் நியோ தின் தியெம், வடக்கில் சுதந்திரமான தேர்தல் நடக்க இயலாது எனக் கூறி மறுத்தார். அமெரிக்கா அவருக்குத் துணைநின்றது. 1954 போர்க்காலத்தில் தேர்தல் நடந்திருந்தால் பாவோ தாய்க்கு எதிராக ஹோ சி மின்னே சுமார் 80 விழுக்காடு வாக்குகளைப் பெற்றிருக்கக்கூடும் என்று, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனாவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

உடன்பாட்டைக் கண்காணிக்கும் பன்னாட்டு ஆணையத்தில் இந்தியா தலைமை வகித்தது. கனடாவும் போலந்தும் மற்ற உறுப்பு நாடுகள். நேரு அக்டோபர் 1954 இல் ஹனோய் சென்றார். ஹோ சி மின் பெப்ரவரி 1958 இல் இந்தியாவுக்கு வருகை தந்தார். 1962 இல் இந்தியாவும் கனடாவும் அளித்த சிறப்பு அறிக்கை இரு தரப்பையும் குறைகூறியது: வடக்கு, தெற்கில் ஆயுதக் கிளர்ச்சிக்கு உதவுகிறது; தெற்கு, அமெரிக்காவின் படைத்துறை உதவியை வரம்பு மீறிப் பெறுகிறது. போலந்து இதனை ஏற்கவில்லை. ஆணையத்துக்கு முடிவுகளைச் செயற்படுத்தும் அதிகாரம் இல்லாததால், அறிக்கை போரைத் தடுக்க உதவவில்லை.

வடவியட்நாமில் ஆட்சி

வடக்கில் 1953–56 காலத்தில் நடந்த நிலச்சீர்திருத்தம் ஹோ சி மின் ஆட்சியின் மீது வைக்கப்படும் மிகக் கடுமையான குற்றச்சாட்டாகும். உழவர்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் நிலக்கிழார் என முத்திரை குத்தப்பட்டுப் பல்லாயிரக்கணக்கானோர் ஊர் விசாரணைகளில் தண்டிக்கப்பட்டனர்; ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1956 இல் ஹோ சி மின் தவறுகள் நிகழ்ந்ததை வெளிப்படையாக ஏற்றார். கட்சிப் பொதுச் செயலாளர் துருவாங் சின் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹோ சி மின்னின் சொந்த மாகாணமான நிகே ஆனிலேயே உழவர் எழுச்சி ஏற்பட்டுப் படைகளால் அடக்கப்பட்டது. 1954–55 இல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர், தெற்கே குடிபெயர்ந்தனர்.

அமெரிக்கப் போர்

தெற்கில் தியெம் அரசின் ஒடுக்குமுறை அங்கிருந்த முன்னாள் வியட் மின்னினரை ஆயுதமேந்தத் தூண்டியது. 1959 இல் ஹனோய் அதற்கு இசைந்தது. லாவோசு, கம்போடியா எல்லைக் காடுகள் வழியே தெற்கு நோக்கி அமைக்கப்பட்ட வழங்கல் பாதைகள் ஹோ சி மின் தடம் என்று பெயர் பெற்றன. திசம்பர் 1960 இல் தென்வியட்நாம் தேசிய விடுதலை முன்னணி தோன்றியது.

அமெரிக்க ஆலோசகர்களின் எண்ணிக்கை 1963 இறுதியில் 16,000 அளவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தியெம் படைப்புரட்சியில் கொல்லப்பட்டார். ஆகத்து 1964 இல் தொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாவது தாக்குதல் நிகழவேயில்லை என்பதைப் பின்னர் வெளியான ஆவணங்கள் காட்டின. எனினும் அதன் அடிப்படையில் குடியரசுத் தலைவர் சான்சன் போர் நடவடிக்கைகளுக்கான அதிகாரத்தை அமெரிக்கப் பேரவையிடம் பெற்றார். மார்ச் 1965 இல் வடவியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தா நாங்கில் தரையிறங்கினர். 1969 இல் அமெரிக்க வீரர் எண்ணிக்கை 5,43,000 ஐ எட்டியது.

இப்போரில் ஹோ சி மின்னின் நேரடிப் பங்கு பற்றிப் பொதுக் கருத்துக்கும் ஆய்வுகளுக்கும் வேறுபாடு உண்டு. 1960 இல் கட்சியின் முதற் செயலாளரான லே துவானே முதன்மை முடிவுகளை எடுத்தார் என்றும், முதுமையும் நோயும் சூழ்ந்த ஹோ சி மின் பெரும்பாலும் நாட்டின் அடையாளமாகவே விளங்கினார் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சீனாவும் சோவியத் ஒன்றியமும் பகைமை கொண்ட 1960களில், இரண்டிடமிருந்தும் உதவி பெறும் வகையில் சமநிலை பேணியது அவருடைய முக்கியப் பணியாகும்.

1968 தெத் புத்தாண்டுத் தாக்குதலில் விடுதலை முன்னணியும் வடவியட்நாமும் பேரிழப்பைச் சந்தித்தன. ஆயினும் போர் விரைவில் முடியும் என்ற அமெரிக்க மக்களின் நம்பிக்கை அதனால் தகர்ந்தது. சான்சன் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என அறிவித்தார். மே மாதத்தில் பாரிசில் பேச்சுவார்த்தை தொடங்கியது.

மறைவு

ஹோ சி மின் செப்டம்பர் 2, 1969 அன்று ஹனோயில் இதயக் கோளாறால் காலமானார். அது விடுதலை அறிவிப்பின் 24 ஆவது ஆண்டு நாளாக இருந்தமையால், செப்டம்பர் 3 எனவே அரசு அறிவித்தது. உண்மை நாள் 1989 இல் வெளியிடப்பட்டது. தம் உடலை எரியூட்ட வேண்டும் என்று இறுதி விருப்பக் குறிப்பில் எழுதியிருந்தார். அதற்கு மாறாக அவர் உடல் பதப்படுத்தப்பட்டு, 1975 இல் பா தின் திடலில் திறக்கப்பட்ட நினைவகத்தில் வைக்கப்பட்டது.

சனவரி 1973 பாரிசு உடன்பாட்டையடுத்து அமெரிக்கப் படைகள் வெளியேறின. ஏப்ரல் 30, 1975 அன்று சைகோன் வீழ்ந்தது. 1976 இல் நாடு ஒன்றிணைக்கப்பட்டு, சைகோன் ஹோ சி மின் நகரம் எனப் பெயரிடப்பட்டது. போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தனர். வியட்நாம் அரசு 1995 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வடவியட்நாம், விடுதலை முன்னணி ஆகியவற்றின் போராளிகள் 11 இலட்சம் பேரும், பொதுமக்கள் 20 இலட்சம் பேரும் மாண்டனர். தென்வியட்நாமிய அரசுப் படையினரின் இழப்பு இதற்குப் புறம்பானது. அமெரிக்காவும் வியட்நாமும் 1995 இல் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன.

மதிப்பீடு

ஹோ சி மின் தேசியவாதியா, பொதுவுடைமையரா என்பது நெடுங்கால விவாதமாகும். தேசியவாதி என்பவர்கள் அமெரிக்காவுக்கு அவர் எழுதிய மடல்களையும், 1945 நவம்பரில் தம் கட்சியைப் பெயரளவிலேனும் கலைத்ததையும் சுட்டுகின்றனர். பொதுவுடைமையர் என்பவர்கள் அவருடைய மாஸ்கோ ஆண்டுகளையும், ஒரு கட்சி ஆட்சியையும், நிலச்சீர்திருத்தத்தையும் சுட்டுகின்றனர். அவர் இரண்டுமாக இருந்தார் என்பதே இக்கால ஆய்வாளர் பலரின் முடிவு. நாட்டு விடுதலை அவர் நோக்கமாகவும், பொதுவுடைமை அதற்கான வழியாகவும் சமூகக் கொள்கையாகவும் இருந்தன. வாசிங்டன் இவற்றுள் ஒன்றை மட்டுமே கண்டது. அதனால் நூறாண்டு அயலாட்சிக்கு எதிரான ஊர்ப்புற மக்களின் ஆதரவை அது மாஸ்கோ, பீக்கிங் நகரங்களின் ஏவலாக எடைபோட்டது. படைபலத்தால் அந்த ஆதரவைத் தோற்கடிக்க முடியாமற்போனதே போர் நீண்டதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

நினைவுச் சின்னங்கள்

ஹனோயில் 1958 முதல் இவர் வாழ்ந்த எளிய மரத்தூண் வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. நிகே ஆன் மாகாணத்தில் இவர் பிறந்த ஊரும் மக்கள் திரளாகச் செல்லும் இடமாகும். இந்தியாவில், கொல்கத்தாவின் ஆரிங்டன் தெரு ஹோ சி மின் சரணி எனப் பெயர் மாற்றப்பட்டது. அந்நகரிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் அத்தெருவில்தான் அமைந்துள்ளது.